வால்வ் கைடு ஓட்டிய கைக்கு ஈவியில் (மின்சார வண்டியில்) வேலை உண்டா? பீன்யாவிலிருந்து ஒரு கேள்வி

பீன்யா லேத் | ஞாயிறு, இரவு 9:12

இங்கே படிப்பதோடு சரி, எழுதிப் பழக்கமில்லை. தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டை இரண்டாம் ஸ்டேஜில் ஒரு ஜாப் ஒர்க் ஷெட்டில் 19 வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் திருப்பத்தூர் பக்கம். ஐடிஐ டர்னர். முதலில் சாதா லேத், பிறகு சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் லேத். எங்களிடம் ஓடுவதில் முக்கால்வாசி வால்வ் கைடு. இன்ஜின் ஹெட்டுக்குள் வால்வ் ஏறி இறங்குகிற சின்னக் குழாய் அது. உள்துளை சில மைக்ரான் கூடினாலும் ரிஜெக்ட். பெரிய கம்பெனிக்கு சப்ளை செய்கிறவருக்கு நாங்கள் சப்ளை.

தீபாவளிக்குப் பிறகு மூன்று ஷிப்ட் இரண்டானது. இப்போது சனிக்கிழமையும் மிஷின் நிற்கிறது. முதலாளி நல்லவர்தான். "மின்சார வண்டியில் வால்வே கிடையாதப்பா, நான் எங்கே போய் ஆர்டர் கேட்பேன்" என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வயது 46. ஓடி (ஓவர்டைம்) சேர்ந்தால் கைக்கு 24 ஆயிரம் வரும், இப்போது ஓடி இல்லை. மகள் பியூசி இரண்டாம் வருடம். மச்சான் ஓசூரில் ஒரு ஈவி ஆலைக்கு வா என்கிறான், ஏஜென்சி மூலம். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று மாதம் சோலார் படியுங்கள் என்கிறான். பேப்பரைத் திறந்தால் பசுமை வேலை லட்சக்கணக்கில் வருகிறதாம். அந்த வேலையில் ஏற்கனவே இருப்பவர்கள் இங்கே இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


சோலார் செல்வம் | இரவு 9:40

அண்ணா, பக்கத்து வீட்டுப் பையன் சொல்வது சூர்யமித்ரா பயிற்சியாக இருக்கும். 2015-ல் தொடங்கியது, மொத்தம் 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம். நானும் அதில் வந்தவன்தான், பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். வேலை வேறு கதை.

மொட்டை மாடியில் பேனல் ஏற்றுகிற கேங்கில் நான்கு பேர் இருப்போம். சம்பளம் மாதக் கணக்கு இல்லை, கிலோவாட் கணக்கு. மழை வந்தால் கணக்கு நின்றுவிடும். மூன்றாம் மாடி ஓரத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் நின்று கிளாம்ப் முறுக்கியிருக்கிறேன். கயிறு கேட்டால் "அடுத்த சைட்டில் தருகிறேன்" என்பார் மேஸ்திரி. அந்த அடுத்த சைட் இன்னும் வரவில்லை.

பெரிய சோலார் பார்க்கில் சேரலாமே என்று கேட்பீர்கள். துமகூரு மாவட்டத்தில் பாவகடா இருக்கிறது, 13 ஆயிரம் ஏக்கர், 2,050 மெகாவாட். நிலம் வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21 ஆயிரம் என்று ஆரம்பித்தது. நிலம் வைத்திருந்தவருக்கு வானம் பொய்த்தாலும் வாடகை வருகிறது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவருக்கு? புல் வெட்டுவது, பேனல் கழுவுவது, வாசலில் காவல். கட்டும்போதுதான் ஆள் வேண்டும், கட்டி முடித்தால் பேனலுக்கு வெயில் போதும், ஆள் வேண்டாம்.

நீங்கள் மைக்ரான் பார்த்த ஆள். கூரை ஏற வேண்டாம் என்பது என் கருத்து. 46-ல் முட்டியும் ஒத்துழைக்காது.


கன்ஃப்யூஸ் குமார் | இரவு 9:52

ஈவி எல்லாம் பலூன் சார். இன்னும் முப்பது வருடம் பெட்ரோல்தான். பேசாமல் இருக்கிற வேலையைப் பாருங்கள்.


ராத்திரி ஷிப்ட் | இரவு 11:58

டியூட்டி முடித்து இப்போதுதான் பார்த்தேன். பெங்களூருவில் மின்சாரப் பேருந்து ஓட்டுகிறேன். அதற்கு முன் தனியார் டீசல் பஸ் 14 வருடம்.

வண்டியைப் பற்றிக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவேன். கிளட்ச் இல்லை, கியர் இல்லை. இடது முட்டிக்கு மாதம் ஒரு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், நின்றுவிட்டது. பக்கத்தில் இன்ஜின் சூடு இல்லாததால் சட்டை நனைவதில்லை. வீட்டுக்கு வந்தால் டீசல் வாடை வருகிறது என்று மனைவி சொல்வதில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டால் சொல்வது வேறு. இந்த வண்டிகள் கிலோமீட்டர் கணக்குக் கான்ட்ராக்டில் ஓடுகின்றன. வண்டியும் பராமரிப்பும் டிரைவரும் தனியார் பொறுப்பு. கண்டக்டர் மட்டும் பிஎம்டிசி, அதாவது அரசு பஸ் கழகத்து ஆள். ஒரே பஸ், ஒரே ரூட், ஒரே டிராபிக். ஆனால் எங்கள் இரண்டு பேர் சம்பளச் சீட்டும் ஒன்றல்ல. எனக்கு இரண்டு மாதம் பிஎஃப் ஏறவில்லை. கேட்டால் ஆள் எடுத்துக் கொடுக்கும் ஏஜென்சி மாறிவிட்டதாம். புது ஏஜென்சி ரெஜிஸ்டரில் நான் புது ஆள். பதினான்கு வருடமும் இந்த மூன்று வருடமும் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஓசூருக்குப் போவதானால் முதலில் ஒன்று கேளுங்கள் அண்ணா. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் யார் பெயர் அச்சாகியிருக்கும்?


பீன்யா லேத் | திங்கள், காலை 6:20

ஸ்டியரிங் பிடிக்கிறவர் வெளி ஆள், டிக்கெட் கிழிக்கிறவர் உள் ஆளா? நல்ல கூத்து. மச்சானிடம் லெட்டர் பற்றிக் கேட்டேன். "லெட்டரா? ஐடி கார்டு கொடுத்தார்கள்" என்கிறான்.


மாரிகுப்பம் மகள் | காலை 10:05

அண்ணா, எங்கள் அப்பா கதையை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றிரவே யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

கோலார் தங்க வயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாதாளத்தில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. தாத்தாவும் அதே ஷாஃப்ட். எங்கள் லைனில் எல்லோரும் தமிழ்தான், வட ஆற்காட்டிலிருந்து வந்த மூன்றாம் தலைமுறை. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். திடீரென்று நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையைத் தாண்டிவிட்டது என்று நான் பள்ளிக்கூடம் போகும் முன்பிருந்தே பேச்சு. மூடப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், மூடிய பிறகு இந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் ஒருவரும் யோசித்து வைக்கவில்லை.

வந்த பணம் அக்கா கல்யாணத்துக்குப் போனது. அப்பா விடியற்காலை மாரிகுப்பம் வண்டியைப் பிடித்து ஒயிட்ஃபீல்டில் இறங்குவார். அங்கே ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. வண்டி முழுக்க எங்கள் ஊர் ஆட்கள், எல்லோர் பையிலும் ஏதோ ஒரு கம்பெனியின் நீலச் சட்டை. பாறை எப்போது வெடிக்கும் என்று சத்தத்தை வைத்துச் சொல்கிற காது அவருடையது. அந்தக் காதை வைத்துக்கொண்டு பதினோரு வருடம் கார் ஹாரனுக்கு கேட் திறந்தார். பேஸ்மென்ட் தோண்டும்போது கூட யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மண் சரிந்த அன்று, "நேற்றே சத்தம் வந்தது" என்று வீட்டில் வந்து சொன்னார்.

இன்னொன்று. பசுமை மின்சாரம் என்று இப்போது பேசுகிறார்களே, எங்கள் ஊருக்கு அது 1902-லேயே வந்துவிட்டது. சிவனசமுத்திரத்தில் காவிரி தண்ணீரில் எடுத்து, 150 கிலோமீட்டர் அளவுக்குக் கம்பி இழுத்து, தங்க வயலுக்குக் கொடுத்தார்கள். பெங்களூரு தெருவில் விளக்கு எரிந்ததே 1905-ல்தான். அந்தச் சுத்தமான மின்சாரத்தில்தான் தாத்தா நெஞ்சு நிறையக் கல்தூசி வாங்கிச் செத்தார்.

அதனால் எந்த வேலை என்று பார்ப்பதற்கு முன், உங்கள் ஷெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதலாளியிடம் பேசுங்கள். மிஷினை விற்ற பிறகு பேச்சுக்கு மதிப்பில்லை.


குரோம் தொட்டி | மதியம் 1:15

மூன்றாம் ஸ்டேஜில் பிளேட்டிங் போடுகிறவன். ஈவிக்கும் போல்ட் வேண்டும், போல்ட்டுக்கு பிளேட்டிங் வேண்டும், அதனால் என் வேலை போகாது என்று சந்தோஷப்பட வேண்டியதுதான். பீன்யா போர் தண்ணீரில் ஹெக்சாவேலண்ட் குரோமியம் என்கிற விஷம் இருப்பது ஊரறிந்தது. அது எங்கள் தொட்டிகளிலிருந்து போனது. அந்த ஆவியை மூச்சில் இழுத்து மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்தவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. விஷம் குறைந்த டிரைவேலண்ட் குளியல் வந்துவிட்டது, விலை கொஞ்சம் அதிகம். வண்டியில் புகை வராது என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் என் தொட்டியில் வருகிற புகை யார் கணக்கு என்று தோன்றும்.


ஓசூர் ரோடு | மாலை 7:30

லேத் அண்ணனுக்கு நேரடியாக உதவுகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். நான் ஈவிக்கு பாகம் செய்கிற ஓர் ஆலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். தினமும் சந்தாபுராவிலிருந்து போய் வருகிறேன்.

முதலில் குமார் சாருக்கு. விற்கிற இரு சக்கர வண்டிகளில் இன்னும் பெரும்பகுதி பெட்ரோல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓசூரில் 1980-ல் டிவிஎஸ் 50 உருட்டிய அதே கம்பெனிதான் 2020 ஜனவரியில் ஐக்யூப் மின்சார ஸ்கூட்டரை இறக்கியது, அதுவும் முதலில் பெங்களூருவில். ஏத்தர் ஓசூரில், ஓலா போச்சம்பள்ளியில். எல்லாம் நம் கிழக்கு வாசலில் நடக்கிறது. பலூன் என்று சொல்ல முடியாது. அவகாசம் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது உள்ளே நடப்பது. பேட்டரி பேக் கோர்க்கிற லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் 19, 20 வயதுப் பிள்ளைகள், பாதிக்கு மேல் அப்ரென்டிஸ். பார்கோடு ஸ்கேன் செய், போல்ட் முறுக்கும் டார்க் கன் வை, பச்சை விளக்கு எரிந்தால் அடுத்தது. தவறாக முறுக்கினால் மிஷினே நிறுத்திவிடும். மூன்று நாளில் பழகலாம். மூன்று நாளில் பழகுகிற வேலைக்கு என்ன சம்பளம் கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். மச்சான் கூப்பிடுவது அங்கேதான் என்றால் போகாதீர்கள்.

நாங்கள் ஆள் கிடைக்காமல் தவிப்பது வேறு இடத்தில். மோட்டார் ரோட்டர் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு நீங்கள் வால்வ் கைடில் பிடிக்கிற அதே டாலரன்ஸ். அலுமினியம் ஹவுசிங், டூலில் ஒட்டிக்கொள்ளும், ஃபீடு ஸ்பீடு புரிந்தவர் வேண்டும். கரண்ட் கடத்தும் காப்பர் பட்டை, பஸ்பார், அதைவிட மோசம், ஓரத்தில் பிசிறு இல்லாமல் வெட்டுவது தனிக் கலை. அப்புறம் கியர். இன்ஜின் கத்திக்கொண்டிருந்தபோது கியர் பாடுவது யாருக்கும் கேட்கவில்லை. மோட்டார் அமைதியானது. பல்லில் துளி கோணல் இருந்தாலும் ஓட்டுபவர் காதில் விசில் அடிக்கும். கம்ப்ளெயின்ட் நேராக எங்களுக்கு வரும். இன்ஜினை விட்டுவிட்டுப் பார்த்தால் பிரேக், ஃபோர்க், வீல் ஹப், ஸ்டியரிங் எதுவும் எங்கும் போகவில்லை.

டூல் ரூம், கிரைண்டிங், மெயின்டனன்ஸ், கேஜ் (அளவு பார்ப்பது). இந்த நான்கில்தான் நல்ல வேலை இருக்கிறது, அங்கே தலை நரைத்தவருக்கு மரியாதையும் இருக்கிறது. நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது முழு ஈவி அல்ல. கொஞ்சம் சிலிண்டரிக்கல் கிரைண்டிங், சிஎம்எம் என்கிற அளவெடுக்கும் மிஷினின் ரிப்போர்ட் படிக்க, அலுமினியம் வெட்ட. மீதி உங்கள் கையில் ஏற்கனவே இருக்கிறது.


ஏழாம் நம்பர் ஷெட் | இரவு 8:45

எல்லோரும் முதலாளியிடம் கேள், கேள் என்கிறீர்கள். நானும் பீன்யாவில் ஷெட் வைத்திருக்கிறேன், 11 பேர். என் பக்கமும் கேளுங்கள்.

ஈவி ஆர்டருக்குப் போனேன். முதல் கேள்வி சர்டிபிகேட் உண்டா. இரண்டாவது, மாதம் எத்தனை ஆயிரம் தருவாய். மூன்றாவதாக விலையைச் சொன்னார்கள், அந்த விலைக்கு எனக்கு ராடு கூட வராது. சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம். எனக்கு 120-ஆம் நாள் வருகிறது. சட்டத்தைக் காட்டினால் அடுத்த மாதம் ஆர்டர் வராது. விஎம்சி மிஷின் வாங்கிய கடன் ஓடுகிறது. இதில் ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்பினால் இரண்டு வாரம் மிஷின் நிற்கும், அந்த இரண்டு வாரத்துக்கு யார் பணம்? மின் வண்டி வாங்குபவருக்கு மானியம் கொடுத்தார்கள், ஃபேம் இரண்டு என்கிற மானியத் திட்டத்துக்கு மட்டும் 10 ஆயிரம் கோடி ஒதுக்கினார்கள். வால்வ் கைடு செய்தவனுக்கு என்ன கொடுத்தார்கள்?


ஜாலஹள்ளி தோழர் | இரவு 10:20

ஷெட்காரர் கடைசியில் கேட்டது சரியான கேள்வி. முதல் முறையாக ஒரு முதலாளியோடு ஒத்துப்போகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம், கண்ணியமான வேலை என்று எழுதியிருக்கிறது. இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. அந்த வரி பீன்யா வரை வந்து சேரவில்லை.

சட்டத்தில் ஒன்று இருக்கிறது, லேத் தோழர் கவனிக்க. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று உண்டு. ஆட்குறைப்பு செய்தால் வழக்கமான இழப்பீடு போக, கடைசிச் சம்பளத்தில் 15 நாள் தொகையை முதலாளி அந்த நிதிக்குக் கட்ட வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளி கணக்குக்கு வர வேண்டும். பதினைந்து நாள் சம்பளத்தில் என்ன புதுத் தொழில் கற்பது என்று கேட்காதீர்கள், எனக்கும் அதே கேள்விதான். ஏஜென்சி ஆளுக்கு அதுவும் கைக்கு வராது. ஏஜென்சி மாறுவதை ஆட்குறைப்பு என்று யாரும் எழுதுவதில்லை. எனவே நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 19 வருட கிராஜுவிட்டி கணக்கையும் பார்த்து வையுங்கள்.

இன்னொரு விஷயம், நீளமாகிவிட்டால் மன்னிக்கவும். 1976-ல் இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் தொழிலாளர்கள், ஆட்குறைப்பு வருகிறது என்று தெரிந்ததும், நம் மிஷினில் நம் கை வேறு என்னவெல்லாம் செய்யும் என்று தாங்களே பட்டியல் போட்டார்கள். ஏறத்தாழ 150 யோசனைகள். வெப்பப் பம்பு, பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்த இன்ஜின், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடுகிற பஸ். நிர்வாகம் ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பலவற்றை இன்று வேறு யாரோ செய்து விற்கிறார்கள்.


தையல் மிஷின் | செவ்வாய், காலை 7:05

தோழர் எப்போதும் லண்டன் போய்விட்டுத்தான் மைசூர் ரோடு வருவார். நான் நேராக மைசூர் ரோட்டிலிருந்தே பேசுகிறேன்.

எங்கள் கார்மென்ட்ஸுக்குப் பச்சைக் கட்டிடம் என்று சர்டிபிகேட் இருக்கிறது. வாசலில் மாட்டியிருக்கிறார்கள். கை நீட்டினால் தண்ணீர் வருகிற குழாய், மாடியில் சோலார், மழைநீர்த் தொட்டி. வெளிநாட்டு பையர் வந்தால் அதையெல்லாம் சுற்றிக் காட்டுவார்கள். அந்தக் குழாய்க்குப் போக எத்தனை முறை எழுந்தேன் என்று சூப்பர்வைசர் எண்ணுவதை மட்டும் காட்ட மாட்டார்கள். மணிக்கு இத்தனை பீஸ் என்கிற டார்கெட்டில் ஒரு பச்சையும் ஏறவில்லை.

2016 ஏப்ரலில் பிஎஃப் பணத்தை 58 வயது வரை முழுதாக எடுக்க முடியாது என்று விதி கொண்டுவந்தபோது நாங்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தோம். தலைவர் யாரும் கூப்பிடவில்லை. ஒரு ஷெட் பெண்கள் வெளியே வந்தார்கள், பார்த்து அடுத்த ஷெட். ஓசூர் ரோடு, தும்கூர் ரோடு எல்லாம் நின்றது. இரண்டாம் நாள் டெல்லியில் விதியை வாபஸ் வாங்கினார்கள்.

அண்ணா, உங்கள் ஷெட்டில் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் யாரிடமாவது இதைப் பேசினீர்களா, இல்லை இங்கே முகம் தெரியாத எங்களிடம் மட்டும்தானா?


பீன்யா லேத் | செவ்வாய், மதியம் 2:10

அக்கா, உண்மையைச் சொன்னால் பேசவில்லை. 16 பேர் இருக்கிறோம். டீ குடிக்கும்போது கிரிக்கெட் பேசுவோம், இதைப் பேச மாட்டோம். பேசினால் ஆர்டர் இல்லை என்பது உறுதியாகிவிடும் போல ஒரு பயம்.


பீன்யா லேத் | ஞாயிறு, மாலை 5:30

பெரிய சேதி ஒன்றும் இல்லை, நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை டீ நேரத்தில் பேச்சை எடுத்தேன். கிரைண்டிங் பார்க்கிற பெரியவர் ஒருவர் எங்களோடு இருக்கிறார், ஆந்திரா ஆள், குடியாத்தம் பக்கத்தில் வேலை பார்த்ததில் தமிழ் நன்றாக வரும். அவர் பத்து வருடம் முன்பே பம்பு ஷாஃப்ட் ஓட்டியிருக்கிறாராம். இத்தனை வருடம் பக்கத்தில் நின்றும் எனக்குத் தெரியாது. மாரிகுப்பம் தங்கச்சி அப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு காகிதத்தில் யாருக்கு என்ன தெரியும் என்று எழுதினோம். ஒருவனுக்கு அலுமினியம் தெரியும், இன்னொருவன் பழைய இடத்தில் பிரேக் பிஸ்டன் ஓட்டியவன்.

வெள்ளிக்கிழமை ஐந்து பேராக முதலாளியிடம் போனோம். முதலில் முறைத்தார், யூனியன் வைக்கிறீர்களா என்றார். காகிதத்தைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஷாஃப்ட் சாம்பிள் பத்து பீஸ் ஓட்டிப் பார்க்கலாம், சனிக்கிழமை மிஷின் சும்மாதான் இருக்கிறது, ஆனால் அதற்கு ஓடி தர முடியாது" என்றார். ஓடி இல்லாமல் ஓட்டுவதா என்று எங்களுக்குள் சண்டை. பாதிச் சம்பளம் என்று முடிந்தது. இது சரியா தப்பா என்று தோழர் திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

மச்சானுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். லெட்டர் வந்தால் பார்க்கலாம். ராஜாஜிநகர் ஜிடிடிசி என்கிற அரசு டூல் ரூம் பயிற்சி மையத்தில் வேலையில் இருப்பவர்களுக்குக் குறுகிய காலக் கோர்ஸ் இருக்கிறதா என்று நாளை கேட்கப் போகிறேன். டென்மார்க் உதவியோடு 1972-ல் ஆரம்பித்த இடம், டூல் ரூம் வேலைக்கு நல்ல பெயர் என்று பெரியவர் சொன்னார். ஓசூர் ரோடு தம்பி, பேரிங் சீட்டுக்கு எந்த கேஜ் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று மட்டும் சொல்ல முடியுமா? கம்பெனி ரகசியம் என்றால் வேண்டாம்.


ஓசூர் ரோடு | மாலை 6:02

ரகசியம் எல்லாம் இல்லை அண்ணா, காற்றை வைத்து அளவு பார்க்கிற ஏர் கேஜ்தான். உங்கள் ஷெட்டில் உள்துளைக்கு ஏர் பிளக் இருக்குமே, அந்த யூனிட்டிலேயே ரிங் மாட்டினால் ஷாஃப்ட் பார்க்கலாம். முதல் மூன்று பீஸை எனக்குக் கொடுங்கள், சிஎம்எம்மில் போட்டு ரிப்போர்ட் அனுப்புகிறேன். ஜிடிடிசிக்குக் காலையில் போங்கள், மதியம் ஆபீஸில் ஆள் இருக்க மாட்டார்கள்.


பீன்யா லேத் | மாலை 6:10

ரொம்ப நன்றி தம்பி. பீன்யாவிலிருந்து ராஜாஜிநகருக்கு பஸ்ஸா மெட்ரோவா, எது சீக்கிரம்?


தையல் மிஷின் | மாலை 6:14

மெட்ரோ. மாற வேண்டியதில்லை, பச்சை லைன்தான். ஆனால் காலை எட்டரைக்கு மேல் என்றால் நின்றுகொண்டேதான் போக வேண்டும்.